மைல் சேராத பயணம்

ஸ்ரீவில்லிபுத்தூர்,
10.12.2024

அன்புள்ள சேஷுவுக்கு,

போனில் பேசினால் சண்டையில் முடிகிறது, இனி மெயிலில் எழுதிக்கொள்ளலாம் என்று நீங்கள்தான் சொன்னீர்கள். அதனால் எழுதுகிறேன். நேற்று நாராயணி சைக்கிளிலிருந்து விழுந்து கையை முறித்துக்கொண்டாள். ராஜபாளையம் ஆஸ்பத்திரியில் காட்டினோம். எலும்பு விலகியிருக்கிறதாம், சனிக்கிழமை ஆபரேஷன். "அப்பா வந்தாத்தான் ஊசி போட்டுப்பேன்" என்று அடம்பிடிக்கிறாள். ஒரு நாளாவது வந்துவிட்டுப் போங்கள்.

அன்புடன்,
காஞ்சனா

சிங்கப்பூர்,
11.12.2024

அன்புக் காஞ்சனாவுக்கு,

படித்ததிலிருந்து மனசே சரியில்லை. குழந்தைக்கு என் முத்தம். ஆனால் வருஷக் கடைசி, லீவே கிடையாது என்று மேனேஜர் சொல்லிவிட்டார். நீ சமாளிப்பாய்.

ஜனவரியில் நீங்கள் இருவரும் இங்கேயே வந்துவிடப் போகிறீர்களே, டிக்கெட்டும் போட்டாயிற்று. அந்த பேண்டேஜ் கம்பெனிக்கு ராஜினாமா கொடுத்தாயா இல்லையா? ஏற்றுமதிப் பிரிவுக்கு வேறு ஆளா கிடைக்காது? ஏர்லைனில் என் கோல்டு கார்டு அடுத்த வருஷமும் நீடித்தால் உங்களுக்கும் கூடுதல் லக்கேஜ், தனி வரிசை எல்லாம் உண்டு. அதற்கு, பறக்கும் தூரத்தை வைத்து அவர்கள் கணக்கில் ஏற்றும் மைல் இந்த மாதத்துக்குள் இன்னும் கொஞ்சம் சேர வேண்டும். வழி பார்த்துவிட்டேன்.

உன்,
சேஷு

சிங்கப்பூர்,
20.12.2024

அன்புக் காஞ்சனாவுக்கு,

ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் நிம்மதி. ஓர் அவசர உதவி. வெளிநாட்டு வாடிக்கையாளர்களுக்குக் காரசாரமாக இங்கிலீஷில் எழுதுகிறவள் நீ. ஏர்லைனுக்கு ஒரு புகார் எழுதித் தா.

மைலுக்காகவே ஒரு டிக்கெட் வாங்கினேன். விற்றது ஒரு கம்பெனி, பறந்தது என் கார்டு கம்பெனியின் விமானம். இதற்குக் கோட்ஷேர் என்று பெயர். டிக்கெட்டில் கட்டண வகுப்பைக் குறிக்க ஓர் எழுத்து இருக்கும். என் எழுத்துக்கு மைலே கிடையாதாம்! பக்கத்து சீட்காரருக்கும் அதே விமானம், அதே சாப்பாடு. அவருக்கு எழுத்து வேறு, முழு மைலும் ஏறிவிட்டது. இது அநியாயம் இல்லையா?

விவரம்: 14ஆம் தேதி, சிங்கப்பூர்–சென்னை, அடுத்த விமானத்திலேயே சென்னை–சிங்கப்பூர். தப்பாக எடுத்துக்கொள்ளாதே, அது ஊருக்கு வந்ததாக ஆகாது. லீவு நாளானாலும் மறுநாள் ஆபீஸ் மீட்டிங் இருந்தது. இறங்கி, அப்படியே திரும்பி ஏறிவிட்டேன்.

உன்,
சேஷு

ஸ்ரீவில்லிபுத்தூர்,
22.12.2024

சேஷுவுக்கு,

புகார் எழுதித் தர மாட்டேன்.

14ஆம் தேதி சனிக்கிழமை. நாராயணியை ஆபரேஷன் தியேட்டருக்குள் கொண்டுபோன நாள். "அப்பாவுக்கு லீவு தரலைடா" என்று அவள் தலையைத் தடவிச் சொல்லிக்கொண்டிருந்தேன். கையெழுத்துப் போட நான் ஒருத்தி, கூட நிற்கக் கம்பெனியிலிருந்து பாண்டீஸ்வரி. அன்றைக்கு நீங்கள் சென்னையில் இருந்திருக்கிறீர்கள். ராத்திரி பொதிகை எக்ஸ்பிரஸில் ஏறியிருந்தால் விடியும்போது அவள் கட்டில் பக்கத்தில் நின்றிருக்கலாம்.

உங்கள் மெயிலைப் பாண்டீஸ்வரியிடம் காட்டினேன். "ஏட்டி, சென்னை வரைக்கும் வந்துட்டு புள்ளைய பாக்காமயா போனாரு அவிய? பொறவு எதுக்கு நீ அம்புட்டையும் விட்டுட்டு அங்க போற?" என்றாள்.

மைல் ஏறியிருந்தால் இதை என்னிடம் சொல்லியே இருக்க மாட்டீர்கள். அதுதான் நெஞ்சைச் சுடுகிறது.

ஜனவரி டிக்கெட்டை ரத்து செய்துவிடுங்கள். நாங்கள் வரவில்லை. ராஜினாமாவும் இல்லை. திங்கட்கிழமை என் மேஜைக்கே திரும்புகிறேன். கம்பெனிக்குப் பக்கத்தில் ராஜபாளையத்தில் வீடு பார்த்து அட்வான்ஸும் கொடுத்தாயிற்று. இந்த வீட்டை விட்டுப் போகிறோம் என்று உங்கள் அம்மாவிடம் நானே சொல்லிவிட்டேன். அழுதார். எனக்கு அழுகை வரவில்லை.

நாராயணியிடமும் உண்மையைச் சொன்னேன். "அப்பாக்கு வழி தெரியலையாம்மா?" என்று கேட்டாள். "தெரியும்டா" என்றேன். இனி உங்களுக்காக அவளிடம் ஒரு பொய்யும் சொல்வதாக இல்லை.

நீங்கள் கூப்பிட்டால் போனை அவள் கையில் கொடுப்பேன். ஏன் வரவில்லை என்று அவளே கேட்பாள். அவளுக்கு நீங்களே பதில் சொல்லுங்கள்.

காஞ்சனா