மூன்று தண்ணீரில் அலசிய படங்கள்

நிலவு, தென்முனை, இரண்டாம் முகாம்

நாள் 61. காலை 7:20

இதை எடுத்துப் படிக்கிறவர் யாரானாலும் சிரித்துவிட்டுப் போகட்டும், முதலிலேயே சொல்லிவிடுகிறேன். படக் கணினியின் கறுப்புத் திரையில் ஒரு வெள்ளைக் கோடு விட்டு விட்டு மின்னும். நான் எழுதட்டும் என்றுதான் அது காத்திருக்கிறது என்று எனக்குத் தெரியாது. அழுக்கென்று நினைத்து முதல் நாள் ஈரத்துணியால் நாலு தரம் துடைத்தேன். ஞானதுரை பார்த்துவிட்டார். ஒரு வாரம் சாப்பாட்டு மேசையில் அதையே நடித்துக் காட்டினார்.

நான் மரியபுஷ்பம். வயது 48, ஊர் மணப்பாடு, படிப்பு ஐந்தாம் வகுப்பு. வேலை சமையலும் துப்புரவும். படம் பார்க்கிற பொறியாளர் உடம்பு முடியாமல் பூமிக்குப் போனதிலிருந்து படமும் என் தலையில். மிச்சம் இங்கே இருப்பது நானும் வண்டி மெக்கானிக் ஞானதுரையும்தான். அவர் என்னை மைனி என்பார், எங்கள் பக்கம் அண்ணியை அப்படித்தான் கூப்பிடுவது; நான் கொழுந்தனாரே என்பேன். சொந்தமெல்லாம் கிடையாது. கேலி பண்ண வசதியான முறை, அவ்வளவுதான்.

காற்று சரி. தண்ணீர் சரி. இட்லி மாவு இன்றும் பொங்கவில்லை.

காலை 8:15

ஞானதுரை பதினாலு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற துளைக்கருவியைப் பார்க்கக் கிளம்பினார். தலைக்கவசத்துக்குள் மீசை மடங்கிக் கிடக்கிறது, நீவிக்கொண்டு போங்கள் என்றேன். முறைத்தார்.

படங்கள் பதினொன்று முடித்தேன். வேலை இதுதான். மேலே சுற்றுகிற செயற்கைக்கோள் தரையைப் படம் பிடித்து அனுப்பும். இந்தப் பள்ளத்தில் வெயிலே விழாது, அதனால் படம் முழுக்க ரவை கொட்டினது மாதிரி புள்ளி. கறுப்புத் திரையில் ஒரு வரி அடித்தால், ஒவ்வொரு புள்ளியும் தன்னைச் சுற்றி இருக்கிற எட்டையும் பார்த்து, நடுவான நிறத்தை எடுத்துக்கொள்ளும். படம் வழுவழுப்பாகிவிடும். பொறியாளர் எழுதி வைத்த சீட்டில் 'ஒரு தரம்' என்றிருக்கிறது. நான் மூன்று தரம் அடிப்பேன். ஒரே தண்ணீரில் கழுவிய தட்டில் நான் யாருக்கும் சோறு போட்டதில்லை.

பூமியிலிருந்து எங்கள் முகாமைக் கவனிக்கிற நூர்ஜகானுக்கும் சந்தோஷம். நேற்றுக்கூடச் சொன்னாள்:

"அக்கா, உங்க படம் மட்டும் சட்டுன்னு வந்து எறங்கிருது. பொறியாளரு அனுப்புனா முக்கா மணி நேரம் ஆவும்."

அந்தப் படத்தைப் பார்த்துத்தான் அவள் வண்டிக்கு வழி போடுகிறாள்.

காலை 10:40

"மைனி, படத்துல பாய் விரிச்ச மாதிரி இருந்துச்சே, இங்க இடுப்பு ஒசரத்துக்குக் கல்லா கெடக்கு. மேட்டுல ஏறி எறங்குன ஒடனே ஒண்ணுல மோதிட்டேன். முன் அச்சு போச்சு. கால் வேற மாட்டிக்கிட்டு. காத்து ஏழு மணி நேரத்துக்கு வரும்."

"வாறேன் கொழுந்தனாரே. அதுவரைக்கும் மீசைய நீவிக்கிட்டு இரும்."

சொல்லிவிட்டேன். படத்தைத் திறந்து அந்த மேட்டுக்கு அப்பால் தேடுகிறேன், ஒரு கல்கூட இல்லை.

காலை 11:05

சோதித்தேன். வெற்றுப் படத்தில் மூன்றுக்கு மூன்று, ஒன்பது வெள்ளைப் புள்ளி வைத்தேன். தரையில் அது இடுப்பு உயரக் கல்லின் அளவு. முதல் தரம் அடித்தேன், நாலு மூலையும் போயிற்று. இரண்டாம் தரம், நடுவில் ஒரே ஒரு புள்ளி. மூன்றாம் தரம் கல்லே இல்லை.

பழைய படங்களின் அலசாத மூலப்படம் ஒன்றுகூட இல்லை. அந்த வரியில், வாங்குகிற படத்தின் பெயர், கொடுக்கிற படத்தின் பெயர் என்று இரண்டு பெயர் அடிக்க வேண்டும். அடிக்கச் சோம்பல்பட்டு இரண்டுக்கும் ஒரே பெயரைக் கொடுத்து வந்திருக்கிறேன். புதுசு பழசின்மேல் ஏறி உட்கார்ந்துவிட்டது.

காலை 11:20

"அக்கா, அதே படத்துல வேற வழி போட்டுட்டேன். ரெண்டாவது வண்டிய எடுத்துட்டுக் கெளம்புங்க."

ஒன்பது நிமிடம் பதில் அனுப்பவில்லை. அந்த ஒன்பது நிமிடமும் இதில் இருக்கட்டும். பிறகு அனுப்பினேன்:

"தங்கச்சி, அந்தப் படத்த நம்பாத. நான் மூணு தரம் அடிச்சுட்டேன். கல்லெல்லாம் நான்தான் அழிச்சேன்."

"மூலப்படம் இருக்கா?"

"இல்ல."

"சரி. அழுவாதீங்க."

"யாரு அழுதா? வெங்காயம் நறுக்குறேன்."

"அங்க ஏதுக்கா வெங்காயம்?"

பகல் 12:25

12:10க்குச் செயற்கைக்கோள் கடந்தது. புதுப் படம் வந்தது. அலசாமல் பார்த்தால் எல்லாம் ரவை. ஒரு தரம் அலசினால் ரவையே கட்டி கட்டியாகக் கல் மாதிரி நிற்கிறது. எது எது என்று நூருக்கும் தெரியவில்லை. ரவை ஒவ்வொரு தரமும் வேறு இடத்தில் விழும், கல் நடக்காது என்றேன். செயற்கைக்கோள் மறுபடி எப்போது வரும் என்று அவள் பார்த்தாள். அப்புறம், "அடுத்த படத்துக்கு நிப்போம்" என்றாள். அது 2:05க்கு.

பகல் 1:00

"மைனி, என்னமாவது பேசுங்க. திட்டுனாலும் சரி."

சொன்னேன். எல்லாவற்றையும் சொன்னேன்.

"உங்க தட்டுல ஒரு பருக்க ஒட்டியிருந்து நான் பாத்ததில்ல. அப்பவே சுதாரிச்சிருக்கணும்."

2:05 படம் வந்து வழி கிடைத்ததும் கிளம்புகிறேன் என்று கேலி கலக்காமல் சொன்னேன். முதல் தடவை.

பகல் 2:40

இரண்டு படத்தையும் ஒன்றுமேல் ஒன்று வைத்து மாற்றி மாற்றிப் பார்க்கிறேன். ரவை கொதிக்கிறது. நடுவில் சில அசையாமல் உட்கார்ந்திருக்கின்றன. அசையாதது கல். வழியில் மட்டும் முப்பத்தெட்டு. இடங்களை நூருக்குச் சொல்லிவிட்டேன். வளைந்து வளைந்து ஒரு வழி போட்டுக் கொடுத்தாள். இரண்டு மணி நேரம் ஆகும். அவர் காற்று 5:40 வரை.

பிற்பகல் 4:15

வண்டியில். கல் இருபத்தாறு, சொன்ன இடத்தில். இருபத்தேழும். ஞானதுரை நாலு மணிக்கு மேல் பதில் சொல்லவில்லை.

பிற்பகல் 4:50

படத்தில் இல்லாத கல் ஒன்று. உரசிவிட்டது. போகிறேன்.

மாலை 5:05

அவர் விளக்கு தெரிகிறது. ஆள் அசையவில்லை. கூப்பிட்டேன். மைனிதான் வந்திருக்கேன் என்று கூப்பிட்டேன். இல்லை

மாலை 5:16

என் வண்டியிலிருந்து அவருக்குக் காற்றுக் குழாய் மாட்டினேன். நெம்புகோல் போட்டு அச்சைத் தூக்கிக் காலை எடுத்தேன். அவர் தலைக்கவசக் கண்ணாடியில் ஆவி படிகிறது. மறுபடி படிகிறது. மறுபடி.

இரவு 7:50

முகாம். ஞானதுரை உயிரோடு இருக்கிறார். முழங்காலுக்குக் கீழே நீலம். மருந்து கொடுத்தேன், தூங்குகிறார். நிமிடத்துக்குப் பதினாறு மூச்சு. அந்தக் கால் என்ன ஆகும் என்று எனக்குத் தெரியாது. நூரிடம் கேட்க வேண்டும்.

கேட்க முடியவில்லை. வண்டியைக் கொட்டகையில் பின்பக்கமாக ஏற்றும்போது இடது சக்கரம் ஆண்டெனா கம்பத்தில் ஏறியது. கம்பம் படுத்துவிட்டது. பூமிக்கு ஒன்றும் போகவில்லை, அங்கிருந்து ஒன்றும் வரவில்லை. அதைச் சரிசெய்யத் தெரிந்தவர் தூங்குகிறார்.