பெரணி நிழல்

7.8.82, சனி
கம்பவுண்டர் மரியதாஸ் விடுவதாக இல்லை. டிஸ்பென்சரிக்குப் பின்னால், மனம் நொந்தவர்களுக்காகக் காய்கறித் தோட்டம் போட்டிருக்கிறார். சனிக்கிழமைதோறும் வந்து உதவுங்கள் டீச்சர் என்று ஒரே பிடிவாதம். மண்ணைக் கிளறினால் துக்கம் போய்விடுமா? இருந்தாலும் போனேன். வீட்டில் இவர் முகத்தையே பார்த்துக்கொண்டிருப்பதற்கு அது மேல். எங்கள் பையன் சகாயம் போனதிலிருந்து நாங்கள் உப்பு, புளியைப் பற்றி மட்டும்தான் பேசிக்கொள்கிறோம்.

14.8.82
எனக்கு பீன்ஸ் பாத்தி. கூட வேலை செய்பவள் பூவாயி, எஸ்டேட் லைன் வீட்டுப் பெண். சித்திரையில் கைக்குழந்தையைப் பறிகொடுத்தவள். அதற்குப் பிறகு அடுப்புப் பற்றவைப்பதில்லை, வாய் திறப்பதில்லை என்று புருஷன் சின்னத்தம்பி கொண்டுவந்து விடுகிறான்.

நான் தண்ணீர் எடுத்து வருவதற்குள் பாத்தி முழுக்கப் பெரணித் தழையை ஒடித்துக் குத்தி வைத்திருந்தாள். எஸ்டேட்டில் காப்பி நாற்றுக்கு அப்படித்தான் நிழல் கட்டுவார்கள். பீன்ஸுக்கு யார் கட்டுவார்கள்? எல்லாவற்றையும் பிடுங்கிப் போட்டேன்.

21.8.82
மறுபடியும் பெரணி. மறுபடியும் பிடுங்கினேன்.

4.9.82
நான் இல்லாத நாளிலும் வந்து குத்திவிட்டுப் போகிறாள். செடியெல்லாம் வெளிறி, நூலாக நீண்டு சாய்ந்துவிட்டது. எனக்குக் கோபம் தலைக்கேறியது. "பீன்ஸுக்கு வெயில் வேணும் பூவாயி, எத்தனை தடவை சொல்றது" என்று கத்திவிட்டேன்.

அவள் பேசி இன்றுதான் கேட்டேன்.

"வெயில் ஆவாதுங்க டீச்சர். புள்ளைய வெயில்லதான் போட்டுட்டனுங்க."

காப்பிக்காட்டில் களை வெட்டும்போது மர நிழலில் துணி விரித்துப் பிள்ளையைப் படுக்க வைத்திருக்கிறாள். பொழுது ஏற ஏற நிழல் நகர்ந்துவிட்டது. இவள் பார்க்கவில்லை. அன்று ராத்திரியே காய்ச்சல். அது மூளைக்காய்ச்சல், வெயிலால் வந்ததில்லை என்று டாக்டர் படித்துப் படித்துச் சொன்னாராம். அவள் காதில் ஏறினால்தானே.

யாரைப் போய்க் கத்தினேன் நான்.

11.9.82
பாதிப் பாத்திக்குப் பெரணி, பாதிக்கு வெயில் என்று பேசி முடித்தோம். வெயில் பாதியில் புதிதாக விதைத்தோம்.

2.10.82
சின்னத்தம்பி ஓரமாகக் கூப்பிட்டான். "காப்பிப் பழம் எடுப்பு வருதுங்க டீச்சர். ஊட்டுக்கு ரெண்டு ஆள் வேலைக்கு வந்தாத்தான் லைன் ஊட்டுல இருக்கலாம்னு எஸ்டேட் ரைட்டர் சொல்லிட்டாருங்க. இவ காப்பிக்காட்டுக்குள்ள காலே வெக்க மாட்டேங்கறா. அவங்கம்மா ஊட்டுல உட்டுப்போட்டு, எந்தங்கச்சியக் கூட்டியாரலாம்னு இருக்கறனுங்க."

சொல்லும்போதே அழுகிறான். நல்லவன்தான். ஆனால் அவள் அம்மா ஊர் மலைக்குக் கீழே மேச்சேரிப் பக்கம். வெயிலைத் தவிர அங்கே என்ன இருக்கிறது?

9.10.82
வேலைக்குப் போகப் பழக்கலாம் என்று, பூவாயியைக் காப்பிக்காட்டு கேட் வரை நானே கூட்டிப்போனேன். என் கையைப் பிடித்துக்கொண்டே வந்தவள், கேட்டைத் தாண்டவில்லை. திரும்பி நடக்கும்போது சகாயத்தைப் பற்றிச் சொன்னேன். ஐந்து வயது, மஞ்சள் காமாலை. யாரிடமும் சொல்லாததை இவளிடம் ஏன் சொன்னேன்?

"எங்கீங்க வெச்சிருக்கீங்க?"

"மாதா கோயில் கல்லறையில. அவன் கோலிக்குண்டை எல்லாம் சிமெண்டுல பதிச்சிருக்கோம்."

"பக்கத்துல மரம் எதாச்சும் இருக்குதுங்களா?"

"இல்ல. வெட்டவெளி."

அவள் அண்ணாந்து வெயிலைப் பார்த்தாள்.

23.10.82
பாத்தியில் ஒரு பெரணிகூட இல்லை. அவளே எடுத்துவிட்டாளாம். வெயில் பாதியில் வெள்ளையாகப் பூத்திருக்கிறது. எனக்குச் சந்தோஷம் தாங்கவில்லை. அடுத்த சனி மறுபடியும் கேட்டுக்குப் போவோம் என்றேன். தலையாட்டினாள்.

30.10.82
வரவில்லை. வியாழக்கிழமை முதல் பஸ்ஸிலேயே அனுப்பிவிட்டானாம். ஒண்டிக்கடை பஸ் ஸ்டாப்பில் மூட்டையோடு நின்றதை மரியதாஸ் பார்த்திருக்கிறார்.

அடப்பாவி சின்னத்தம்பி, இன்னும் ஒரு வாரம் பொறுக்கக் கூடாதா — பூ வந்துருச்சேடா...

பிஞ்சு விட்டிருக்கிறது. பறிக்க ஆள் இல்லை.

2.11.82
கல்லறைத் திருநாள். மெழுகுவர்த்தியும், கல்லறைக்கு அடிக்கச் சுண்ணாம்பு வாளியுமாகப் போனேன். என்ன தோன்றியதோ, இவரும் கூட வந்தார்.

கோலிக்குண்டுகள் கண்ணில் படவில்லை. சகாயத்தைச் சுற்றி நாலு பக்கமும் பெரணி குத்தி, நுனிகளை மேலே சாய்த்துக் கட்டியிருந்தது. காய்ந்து பழுப்பேறியிருந்தது.

"யாரு இந்தக் குப்பையக் கொண்டாந்து..." என்று இவர் குனிந்தார். கையைப் பிடித்துக்கொண்டேன்.

"எடுக்காதீங்க. அவனுக்கு வெயில் படக்கூடாதுன்னு வெச்சிருக்கா."

யார் என்று கேட்டார். அங்கேயே உட்கார்ந்து பூவாயியைப் பற்றிச் சொன்னேன். பாதியில் இவர் முகத்தை மூடிக்கொண்டு, சகாயம், சகாயம் என்று அழுதார்.

சுண்ணாம்பு அடிக்காமலே திரும்பினோம்.