பரவாயில்லை, படிக்கட்டை மட்டும்

அன்பு மகளுக்கு அம்மா எழுதுறது. நீ சௌக்கியமா இருக்கணும், வேளைக்குச் சாப்பிடணும், அதுதான் எனக்கு முதல்ல. இங்கே அப்பா நல்லா இருக்கார், வீடும் நல்லா இருக்கு, நான்தான் இருப்புக்கொள்ளாம நடந்துக்கிட்டிருக்கேன். போன ஞாயித்துக்கிழமை அந்தப் பேச்சைப் பேசிட்டு போனை வச்சவ, அதுக்கப்புறம் எடுக்கவே இல்லை. பக்கத்து வீட்டு லாரிக்காரத் தம்பி நாளைக்கு உன் பக்கம் லோடு ஏத்திக்கிட்டு வர்றார், வர்ற திங்கட்கிழமைக்குள்ள இதை உன் கையில் சேர்த்துடுறேன்னு சொல்லியிருக்கார். அதான் அடுப்பு மேடையில் பேப்பரை வச்சு நின்னுக்கிட்டே எழுதுறேன், எழுத்து கோழிக்கிறுக்கலா இருந்தாலும் முழுசாப் படி.

உங்க மேடம் கூப்பிட்டு வச்சு, நீ வரைஞ்ச பள்ளிக்கூடக் கட்டட பிளானைப் பத்தி, பரவாயில்லை, படிக்கட்டை மட்டும் இன்னொரு தடவை பாருங்கன்னு சொன்னாங்க, அவ்வளவுதானே? அதுக்கு நீ ராஜினாமாவே டைப் பண்ணி வச்சுட்டே, வர்ற திங்கட்கிழமை கொடுக்கப் போறேன்னுட்டே. ராப்பகலா வரைஞ்சதுக்குப் பரவாயில்லையான்னு நீ அழுதது இன்னும் காதுலேயே இருக்கு. ஆனா நம்ம ஆளுங்க வாயில் அந்தச் சொல் படாத பாடு படுது கண்ணு. காலை மிதிச்சாலும் பரவாயில்லை, ஜுரம் விட்டாலும் பரவாயில்லை, நல்லா இருக்குன்னு சொல்லக் கூச்சப்பட்டாலும் பரவாயில்லை. இதுல உங்க மேடம் சொன்னது எதுன்னு நீ கேட்கவே இல்லையே.

உன்னைச் சொல்ல எனக்கு என்ன யோக்கியதைன்னு கேட்பே. இந்த வாரம் எனக்கும் அதே கதைதான். டெப்போவிலிருந்து புது இன்ஸ்பெக்டர் என் பஸ்ஸில் ஏறி, கடைசி சீட்டில் உட்கார்ந்து, இறங்கும்போது சொல்றார், ஓட்டுறது பரவாயில்லைம்மா, பிரேக்கை மட்டும் கொஞ்சம் பார்த்துப் போடுங்கன்னு. நீங்க எல்லாம் ஒரே பள்ளிக்கூடத்தில் படிச்சீங்களான்னு கேட்கலாம்னு வாய் வரைக்கும் வந்துச்சு. சுருக்குனு தைச்சுடுச்சு எனக்கு. மறுநாள் அவருக்கு வணக்கம்கூடச் சொல்லாம முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு, வேணும்னே பஸ்ஸை ஆமை மாதிரி உருட்டு உருட்டுன்னு உருட்டினேன். பின்னாடி வந்தவன் எல்லாம் ஹாரன் அடிச்சே ஓய்ஞ்சு போனான்.

உங்கப்பா வேற பிறவி. நேத்து அவரோட சலூனில் ஒருத்தர் முடி வெட்டிக்கிட்டு வாசல் வரைக்கும் போனவர், இடது பக்கம் கொஞ்சம் தூக்கலா இருக்கேன்னு முனகினாராம். இவர் ஓடிப் போய் அவரைக் கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து உட்கார வச்சு, பாட்டுப் பாடிக்கிட்டே திரும்ப வெட்டியிருக்கார். உங்களுக்கு ரோஷமே கிடையாதான்னு கேட்டேன். தலை அவரோடது, இதுல எனக்கென்ன ரோஷம்னு சொல்லிட்டு சாப்பிட உட்கார்ந்துட்டார். எனக்குத்தான் சாப்பாடு இறங்கலை. நீயும் நானும் சபாஷ் வாங்கத்தான் வேலைக்குப் போறோமோன்னு அப்போதிலிருந்து மண்டைக்குள்ள குடையுது.

இன்னிக்குக் காலையில் ஆஸ்பத்திரி ஸ்டாப் வர்றதுக்கு முன்னாடி கண்ணாடியில் பார்த்தேன். நான் இன்னும் பிரேக்கில் காலை வைக்கவே இல்லை, நிக்கிறவங்க எல்லாரும் கம்பியைக் கெட்டியாப் பிடிச்சுக்கிட்டாங்க. ஒரு கர்ப்பிணிப் பொண்ணு பையைக் கீழே வச்சுட்டு ரெண்டு கையாலயும் பிடிச்சா. யாரும் என்னை ஒரு வார்த்தை திட்டலை. தினமும் வர்றவங்க, என் பிரேக்குக்குப் பழகிட்டாங்க. எனக்கு அங்கேயே அழுகை வந்துடுச்சு.

நாளைக்கு அந்த இன்ஸ்பெக்டரை நானே கூப்பிட்டு ஏத்திக்கப் போறேன், எங்கே எங்கே தூக்கிப் போடுதுன்னு சொல்லட்டும். போய்க் கேட்கத்தான் இப்பவே கூச்சமா இருக்கு, நிஜமா.

நீ நீடூழி நல்லா இருக்கணும். குளிர்ல தலைக்குக் குளிச்சுட்டு ஈரத்தோட ஓடாதே, போனை எடு. ராஜினாமாவைக் கொடுக்கறதுன்னா கொடு, அப்பாவும் நானும் ஒரு வார்த்தை சொல்ல மாட்டோம். ஆனா அந்தப் பள்ளிக்கூடத்துப் படிக்கட்டில் என்ன கோளாறுன்னு பார்த்துட்டுக் கொடு. பிள்ளைங்க ஏறி இறங்குற இடம்.

உன் பதிலுக்காக வாசலுக்கும் உள்ளுக்கும் நடந்துக்கிட்டிருக்கும்,
அம்மா