மாத்திரையா, மீனா?

ஆகஸ்ட் 4, ஞாயிறு

சர்ச்சில் பூசை முடிந்து வந்து மூன்று பேரும் ஒன்றாகச் சாப்பிட்டோம். அத்தை சூரை மீன் குழம்பு வைத்திருந்தார். அரை மணி நேரத்தில் ஜெனிஷ் முகம் தக்காளி மாதிரி சிவந்துவிட்டது. தலைவலி, படபடப்பு, கழுத்தெல்லாம் அரிப்பு. செட்ரிசின் கொடுத்தேன், அடங்கியது. அதே குழம்பைத்தான் நானும் அத்தையும் சாப்பிட்டோம். எங்களுக்கு ஒன்றும் இல்லை.

ஆகஸ்ட் 7, புதன்

மறுபடியும். மதியச் சாப்பாட்டுக்குப் பிறகுதான். இந்தத் தடவை சுவரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார்.

"டிபி மாத்திரதான் ஒத்துக்கல. இனிமே தொடமாட்டேன்."

இரண்டு மாதம்தான் ஆகிறது, இன்னும் நாலு மாதம் பாக்கி. டாக்டரிடம் போகலாம் என்றால், துறைமுகத்தில் கூட வேலை செய்கிற எவனாவது பார்த்துவிடுவானாம். அத்தையும் மகன் பக்கம். "டிபின்னு தெரிஞ்சா எங்கிட்ட எவ மீனு வாங்குவா?" அவர் பயம் அவருக்கு. எனக்கு இவர் உயிர்.

ஆகஸ்ட் 8

போடவில்லை.

ஆகஸ்ட் 9

போடவில்லை. சண்டை போட்டேன். பாதியில் நிறுத்தினால் கிருமிக்கு மருந்து பழகிப்போகும், அப்புறம் கேட்காது — நான் வேலை பார்க்கிற மெடிக்கலில் நின்று எத்தனை பேருக்குச் சொல்லியிருப்பேன். சொந்தப் புருஷனிடம் செல்லுபடியாகவில்லை.

ஆகஸ்ட் 10, சனி

சிவப்பு, அரிப்பு, படபடப்பு. எல்லாம் ஹிஸ்டமின் செய்கிற வேலை. உடம்பு அங்கங்கே சுரந்து அங்கேயே தீர்த்துக்கொள்கிற சரக்கு. டி.பார்மில் நான் அரியர் வைத்த பாடம்.

இரண்டு நாளும் சூரை! ஐஸ் பத்தாமல் கிடந்தால் அந்த மீனிலேயே ஹிஸ்டமின் ஊறும். நாற்றம் வராது, கொதித்தாலும் போகாது. குடலில் அதை உடைக்க ஒரு என்சைம் இருப்பதால் கொஞ்சம் இருந்தால் நமக்குத் தெரியாது. இவர் போடும் மாத்திரையில் இருக்கிற ஐசோனியாசிட் அந்த என்சைமைக் கட்டிப்போடும். முதல் நாளே இது எனக்கு ஏன் தோன்றவில்லை, பாவி?

ஓடிப்போய் மாத்திரை எழுதிக் கொடுத்த டாக்டரம்மாவிடம் கேட்டேன். "அப்படித்தான் தெரியுது. நிறுத்த வேண்டியது மீன. மாத்திரைய இல்ல. திங்கக்கெழம கூட்டிட்டு வாங்க."

ஆகஸ்ட் 11, ஞாயிறு

சொன்னேன். அத்தை கூடையைத் தள்ளிவிட்டு எழுந்தார். "எம்மீனு மேல பழியா? தெருவே துன்னுது, எவனுக்கு இன்னா ஆச்சு? மோந்து பாரு."

மோந்தேன். நாற்றமே இல்லை. ஜெனிஷ் எங்கள் இரண்டு பேரையும் பார்த்துவிட்டு, சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விட்டார். நாலு நாள் ஆச்சு மாத்திர போட்டு. பயமா கீது. இன்னா பண்றதுன்னே தெரியல.

ஆகஸ்ட் 12, திங்கள்

"வா, போலாம்" என்று அவரே கூப்பிட்டார். கைக்குட்டையால் முகத்தை மறைத்துக்கொண்டு வந்தார். டாக்டரம்மா எதிரிலேயே மாத்திரை போட்டார். கடைக்கு லீவு சொல்லிவிட்டு நாள் முழுக்க அவர் முகத்தையே பார்த்தேன். சிவக்கவில்லை.

ஆகஸ்ட் 22, வியாழன்

அத்தை பதினோரு நாள் கழித்துப் பேசினார். "சூரை இல்லாம தெனம் போடுறான். ஒண்ணும் ஆவல இல்ல?"

"ஆவல அத்த."

அவ்வளவுதான். மீன் கழுவப் போய்விட்டார்.

செப்டம்பர் 3, செவ்வாய்

வேலைக்குக் கிளம்பும்போது தெருமுனையில் அத்தை கூடையை இறக்கியிருந்தார். நாலைந்து பெண்கள். பக்கத்துச் சந்து பவுனம்மாள் கையில் ஒரு சூரை.

"சூரை எடுக்கறவங்க கேட்டுக்கோங்க. வூட்ல டிபி மாத்திர போடுறவங்க இருந்தா அவங்களுக்கு இது ஆவாது."

"உனக்கு எப்டிக்கா தெரியும்?" என்றாள் ஒருத்தி.

அத்தை தராசைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"எம்புள்ள போட்டுகினு கீறான்."

பவுனம்மாள் அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் கையிலிருந்த சூரையை மெதுவாகத் திரும்ப வைத்தார்.

"எனக்கு சங்கரா மீனே குடுக்கா."