அவருக்கென்று விட்டுவைத்த எறும்புகள்

அக். 3, 1986, வெள்ளி

சாயங்காலம் நல்ல மழை. பேக்டரி பஸ் லேட். படுக்கையறை ஜன்னலடியில் மறுபடியும் மரத்தூள். காலையில்தான் பெருக்கினேன். கட்டெறும்புகள், பெரிய பெரியதாக, ஜன்னல் சட்டத்துக்குள் போவதும் வருவதுமாக. எறும்பு ஊரக் கல்லே தேயுமாம், பலகை எம்மாத்திரம்.

வாங்க: எறும்பு சாக்பீஸ், மண்ணெண்ணெய், துவரம்பருப்பு. அலமாரிக் கால் டின்களில் தண்ணீர் மாற்ற வேண்டும்.

அக். 5, ஞாயிறு

பக்கத்து வீட்டுக் கனகம் ஆன்டி வந்தார். யாழ்ப்பாணத்துக்காரர், மனதில் பட்டதை வைத்துக்கொள்ளத் தெரியாது. வாசல் ஜம்புப் பழ மரத்தின் கிளை எங்கள் கூரையில் சாய்ந்து கிடப்பதைக் காட்டினார்.

"எறும்புக்குப் பாலம் போட்டுக் குடுத்திட்டு, பிறகு எறும்பை ஏசுறாய். அந்தக் கொப்பை வெட்டு பிள்ளை."

"அவர் வந்து வெட்டுவாரு ஆன்டி."

"உன்ர மனுசன் பிந்துலுவில இருந்து வாறதுக்குள்ள ஜன்னல் விழுந்திடும்."

தெரியாமலா இருக்கிறேன். கடல் தாண்டி பிந்துலுவில் வேலை, லீவு கிடைத்தால் விமானம் ஏறி வருவார். அவருக்காக வைத்திருக்கும் வேலைகள்: கிளை. ஜன்னல் சட்டம். ஒழுகும் கூரைத் தகரம் (அந்த ஈரத்தில்தான் பலகை ஊறி எறும்பு குடியேறியது). குளியலறைக் கதவு.

ஒன்றுக்கும் ஆள் கூப்பிடவில்லை. வேண்டுமென்றேதான். கையில் வேலை இருந்தால்தான் அவருக்கு வீட்டில் இருப்பு கொள்ளும். சும்மா உட்கார்ந்தால் இரண்டே நாளில் திரும்பும் டிக்கெட் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுவார். சீனப் பெருநாளுக்கு வந்தபோது சமையலறை அலமாரி செய்தார். லீவு முழுக்க இருந்தார்.

அக். 12, ஞாயிறு

வெயில். சாக்பீஸ் கோடு போட்டேன். எறும்புகள் சுற்றிக்கொண்டு போகின்றன. புத்திசாலிகள்.

அவர் தலையணையில் இரண்டு. என் தலையணையில் ஒன்றுகூட இல்லை, அவருக்கு இருக்கும் மரியாதை எனக்கு இல்லை போல. உதறி வெயிலில் போட்டேன். துணி துவைத்துக்கொண்டிருக்கும்போதுதான் உறைத்தது. ஓடிப்போய் எடுத்து முகர்ந்தேன். அவர் தலை வாசம் போய்விட்டது. வெறும் வெயில் வாசம்.

மத்தியானம் சாப்பிடவில்லை.

அக். 19, ஞாயிறு

ஆன்டி வீட்டுக்கு அவரிடமிருந்து போன் வந்தது. முதலில் வாரா வாரம் பேசினார், பிறகு மாதம் ஒருமுறை. பேச்சும் கழுதை தேய்ந்து கட்டெறும்பு ஆன கதைதான்.

"ஜன்னலயே எறும்பு தின்னுடுச்சு, கூரை எறங்கிரும்போல இருக்கு" என்றேன். கொஞ்சம் கூட்டித்தான் சொன்னேன்.

"ஆள வச்சு வெட்டிடு லா. தீவாளிக்கு இங்க ஆள் பத்தல, நான் லீவு கேக்கல."

"சரிங்க."

ஆன்டி டிவி சத்தத்தைக் கூட்டி வைத்தார், எனக்காக. வீட்டுக்கு வந்து அழுதேன். எனக்கு ஜன்னல் வேண்டாம். அவர் வேண்டும்.

அக். 25, சனி

அவர் ரம்பத்தை எடுத்து, முக்காலி போட்டு, நானே கிளையை அறுத்தேன். கழுத்தெல்லாம் எறும்பு, நல்ல கடி. கிளை விழுந்த சத்தத்துக்கு ஆன்டி வெளியே வந்து பார்த்தார்.

மத்தியானம் தச்சர் வந்தார். சட்டத்தைப் பெயர்த்தால் உள்ளே முழுக்க அறை அறையாகக் கூடு, வெள்ளை வெள்ளையாய் முட்டை. "எப்படிக்கா இத்தன நாள் விட்டு வச்சீங்க?" துடைப்பம் எடுக்கப் போனேன். புதுச் சட்டம், பெயின்ட். கூரைத் தகரமும் குளியலறைக் கதவும் சேர்த்தே முடித்தாயிற்று. இருக்கட்டும்.

அக். 29, புதன்

ஒரு எறும்பு இல்லை. தூள் இல்லை. வீடு சுத்தம். எனக்குத்தான் உள்ளே நுழையப் பிடிக்கவில்லை. முறுக்கு பாதி சுட்டேன், யார் தின்ன.

நவ. 1, தீபாவளி

விடியலில் தூறல். எண்ணெய் தேய்த்துக் குளித்தேன். புதுச் சேலை கட்டவில்லை. காலை வேலியருகே ஆன்டி குரல்: "பிள்ளை, போன். ஓடி வா."

"எறும்பு என்னாச்சு?" என்றார்.

"போயிருச்சு. கிளைய நானே வெட்டிட்டேன்."

"ஜன்னலு?"

"புதுசு. தகரம், கதவு, எல்லாம் சரியாயிருச்சு. வீட்டுல ஒரு வேலையும் பாக்கி இல்லங்க."

"நல்லதாப் போச்சு. அப்ப நான் வர்ற அவசரம் இல்ல."

ஆன்டி எதிரில்தான் இருந்தார். வெட்கம் பார்க்கவில்லை.

"வாங்க" என்றேன்.

"எதுக்கு?"

"சும்மா வாங்க."

லைன் அறுந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு அந்தப் பக்கம் அவர் அழுது மூக்கை உறிஞ்சுவது கேட்டது.