ஏழு உருண்டையும் ஒரு புள்ளியும்

நலம் பெருகுக. செம்மலை நாட்டைச் செங்கோல் வழுவாது புரக்கும் பூங்குழை மாதேவியார், ஆயிரம் படகுக்கு உரியவரும் கழிமுகம் காக்கும் வேந்தருமாகிய உடன்பிறவா அண்ணனார் நெடுந்திரையர் திருமுன்பு விடுக்கும் ஓலை. தங்கள் கழிகளில் மீன் குறையாதிருக்க, உப்புப் பாத்திகளில் காலமல்லாத மழை விழாதிருக்க, தங்கள் குடியும் படையும் நோயின்றி வாழ்க. எழுதுபவன் ஓலைநாயகம் வேட்டன். தன் பிழையைத் தன் கையாலேயே, பிறன் ஒருவன் கதைபோல, ஒன்றும் மறையாது எழுதுமாறு அவனுக்கு ஆணை.

தங்கள் ஓலை வந்தது. செம்மலை இரும்பு உருண்டையால் மாதேவியார் எழுந்து நடமாடுவது கேட்டு மகிழ்ந்ததாகவும், படகு வலிக்கும் வீரர் ஆயிரவருக்கு ஆளுக்கு ஏழாக ஏழாயிரம் உருண்டை வேண்டும் என்றும், ஒன்றே இவ்வளவு செய்யுமாயின் ஏழு என்னதான் செய்யாது என்றும் அதில் கண்டிருந்தது. அதை வாசித்தவன் வேட்டன். ஏழு என்ன செய்யும் என்பதைக் கண்ணால் கண்டவன் அவன்.

மகவு ஈன்றபின் மாதேவியார் நிறம் வெளுத்தார். இமையை இழுத்துப் பார்த்தால் உள்ளே சிவப்பே இல்லை. அரியணைக்குப் பதினோரு படி. நான்காம் படியிலேயே மூச்சு வாங்கும். இதையெல்லாம்விடக் கொடுமை, நாடாளும் அரசியார் குளத்து மண்ணை முந்தானையில் முடிந்து ஒளித்துத் தின்றார். கண்ட தோழியர் மலைக்கு ஆள் விட்டனர். மலைமேல் இரும்பு சுட்டு மருந்தாக்கும் மருத்துவச்சி உறையாள் அதைக் கேட்டுச் சிரித்தாளாம். இரும்பு வற்றிய குருதிதான் மண்ணுக்கு அலைகிறது என்றும், ஏர்க்கொழுவில் உள்ள அதே இரும்பு நம் எல்லார் குருதியிலும் ஓடுகிறது என்றும் சொல்லி அனுப்பினாள். வேட்டன் அன்று முழுதும் தன் கை நரம்பையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டிருந்தான்.

இரும்பைப் பலமுறை சுட்டு, நீறாக்கி, பயற்றளவு உருட்டி, ஓர் ஓலையும் சேர்த்து அவள் விடுத்தாள். அதில் இருந்தது இவ்வளவே: நாள்தோறும் நெல்லிச்சாற்றில் உருண்டை எழு. மலை மருத்துவருக்கு உருண்டை என்றாலே ஒன்றுதான், எண் எழுதுவதில்லை. நோயாளி எழுந்து நடமாடட்டும் என்று வாழ்த்தி, எழு என்றே ஓலையை முடிப்பது அவர்கள் வழக்கம். எகரம் குறிலானால் தலையில் புள்ளி வேண்டும், நெடிலானால் வேண்டா. ஆனால் எழுத்தாணியால் புள்ளி குத்தினால் ஏடு கிழியுமென்று இந்நாட்டில் எவரும் குத்துவதில்லை. ஆகவே எழு என்பதும் ஏழு என்பதும் ஏட்டில் ஒன்றுபோலவே இருக்கும். கிழியாத ஏடு எழுதுவதில் வேட்டனுக்குப் பெருமை வேறு. அவன் அவை நடுவே நின்று, தொண்டையைச் செருமிக்கொண்டு, உருண்டை ஏழு என்று வாசித்தான். பாவி, ஒருமுறைகூட ஐயுறவில்லை.

மூன்றாம் நாள் மாதேவியாருக்கு வயிறு பற்றி எரிந்தது. ஐந்தாம் நாள் உண்டதெல்லாம் குருதியோடு வெளிவந்தது. மகவைத் தூக்கிக் காட்டியபோதும் கண் திறக்கவில்லை. மலையிறங்கி ஓடிவந்த உறையாள் எத்தனை தந்தீர் என்று வினவ, ஏழு என்றான் வேட்டன். அவள் தலையில் அடித்துக்கொண்டு, அடப்பாவி, வாழ்த்தையா விழுங்கக் கொடுத்தாய் என்று கதறினாள். உருண்டையை நிறுத்தி, கஞ்சித்தெளிவும் மோரும் துளித்துளியாய்ப் புகட்டி ஒன்பது நாள் உடனிருந்தாள். அவர் போனால் தானும் போவதென்று துணிந்த வேட்டன் வாயிற்படியை விட்டு நகரவில்லை.

பத்தாம் நாள் மாதேவியார் கண் திறந்தார். உடல் தேறி ஒரு திங்கள் சென்றபின், நெல்லிச்சாற்றில் நாளுக்கு ஒன்றாக மருந்து மீண்டும் தொடங்கிற்று. அம்மம்ம, அந்த விந்தையை என்னென்று எழுதுவது! இருபது நாளில் மண்ணின் நினைவே போயிற்று. இமைக்குள் சிவப்பு ஊறிற்று. அறுபதாம் நாள் மகவை இடுப்பில் வைத்துக்கொண்டு பதினோரு படியையும் நில்லாமல் ஏறினார். அதே துகள், அதே உடல். ஏழு கொல்லப் பார்த்தது, ஒன்று எழுப்பிவிட்டது. வேட்டன் அவையென்றும் பாராமல் விம்மி அழுதான்.

தண்டனைக்குத் தலை நீட்டியவனிடம், ஏடு கிழிந்தால் கிழியட்டும் வேட்டா, இனி ஒருவர் குடல் கிழிய வேண்டா என்று மாதேவியார் மொழிந்தருளினார். அன்றுமுதல் செம்மலையில் புள்ளியின்றி மருந்தோலை எழுதுவார் இல்லை.

ஆகவே அறிக. தாங்கள் கேட்ட ஏழாயிரம் வரவில்லை. உறையாளே வருகிறாள். தங்கள் வீரர் ஒவ்வொருவர் இமையையும் இழுத்துப் பார்ப்பாள். வெளுத்தவருக்கு நாளுக்கு ஒன்று, சிவந்தவருக்கு ஒன்றும் இல்லை. நிறைந்த படகில் மேலும் பாரம் ஏற்றினால் என்னாகும் என்பதைக் கழிமுகத்து வேந்தருக்கு நாங்கள் சொல்ல வேண்டுவதில்லை. இவ்வோலையை வாசிக்க வேட்டனும் உடன் வருகிறான். பிறர் வாசிக்க விடற்க.

மாதேவியார் திருமுத்திரை வைத்து, மலையும் கழியும் உள்ளளவும் இவ்வுறவு நிலைக்கவென விடுத்தது. கடைசிச் சொல்லின் தலையில் ஏடு சற்றுக் கிழிந்திருக்கும். வேட்டன் அழுத்திக் குத்திய புள்ளி அது, பொறுத்தருள்க. தங்கள் வீரர்க்கு எங்கள் வாழ்த்தும் அச்சொல்லே.

எழு.