நெட்டை முள்ளைத் தள்ளிய கதை

பிரியமுள்ள லூசியம்மாளுக்கு,

மாட்டுங்கா லேபர் கேம்பின் சக்கரவர்த்தி சவரியப்பன் எழுதுவது. பம்பாய் ரயில்களெல்லாம் என் மேசைக் கடிகாரத்தைக் கேட்டுத்தான் கிளம்புகின்றன; அந்தப் பாரம் தவிர நான் சுகம். உன் பல்வலியும் அம்மாவின் முழங்காலும் எப்படி?

ஒரு சின்ன விஷயம், பயப்படாதே. நேற்று என்னைக் கையும் களவுமாகப் பிடித்துவிட்டார்கள். பக்கத்து அறை ஜமாலின் மகள்கள் நஸீராவும் சபுராவும் தினமும் ஏழு மணி வரை என் அறையில்தான் விளையாடுவார்கள். சப்பாத்தி மேல் முருங்கைக்காய்த் துண்டுகளை வைத்து, "குட்டை முள் ராஜா, நெட்டை முள் அவர் குதிரை" என்று ஒரே வாரத்தில் மணி பார்க்கக் கற்றுக்கொடுத்தேன். அதுதான் வினை. ஏழானதும் அறை காலியாகிவிடுகிறதே என்று நேற்று நைசாக மேசைக் கடிகாரத்தின் குதிரையைப் பின்னால் தள்ளினேன்.

"மாமா, குதிர இப்பத்தான பன்னெண்டுகிட்ட நின்னுச்சு? ஏன் ஆறுக்கு ஓடிட்டு?" என்றாள் நஸீரா.

"தண்ணி குடிக்கப் போயிருக்கும்ளா."

"களவாணி மாமா!" என்று இரண்டும் ஓடிப்போய்விட்டன. பத்து யுகம் தனியாக உட்கார்ந்திருந்தேன். கடிகாரத்தில் ஐந்து நிமிஷம். திரும்பி வந்த நஸீரா, "எட்டு வரைக்கும் இருக்கலாம்னு உம்மா சொல்லிட்டா. ஆனா மணிய நாங்கதான் பாப்போம்" என்றாள்.

கருப்பட்டி அனுப்பு, மூன்று பேருக்கு. நம் மகள் ரோசிக்கும் மணி பார்க்கச் சொல்லிக்கொடு. டிசம்பர் இருபதாம் தேதி சாயங்காலம் நாலரைக்கு என் ரயில் வரும். நாலரையை முதலில் கற்கட்டும்.

எட்டாக இன்னும் கால் மணிதான் இருக்கிறதாம், இரண்டு பேரும் பேனாவைப் பிடுங்குகிறார்கள். முடிக்கிறேன்.

உன்
சவரியப்பன்